தெருப்பூனைக்கு ஒரு வம்சாவளி: வீட்டிலிருந்தே செய்யும் மரபணுப் பரிசோதனைச் சேவை பற்றி

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. ஒன்று, சாம்பல் உடலில் கருவரிகள் ஓடும் ஆண்பூனை. மற்றொன்று, கருமையும் செம்மையும் வெண்மையும் திட்டுத்திட்டாகப் படிந்த பெண்பூனை. இரண்டையுமே நாங்கள் தேடிப்போய்க் கொண்டுவரவில்லை. தாமாக வந்து, சில நாள் வாசலில் உட்கார்ந்து எங்களை எடைபோட்டுப் பார்த்து, பிறகு தங்கிவிட்டவை அவை. இப்படி வந்துசேர்ந்தவற்றுக்கு மரபணுப் பரிசோதனை எதற்கு என்ற கேள்வி வீட்டிலேயே எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் பூனையும் மனிதனும் ஒன்றாக வாழத் தொடங்கிய கதையைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு படித்துவருபவன் என்பதால், பூனையின் பூர்வீகத்தைப் பத்தாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று காட்டுவதாகச் சொன்ன ஒரு விளம்பரத்துக்கு நான் எளிதில் மயங்கிவிட்டேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அறிக்கைகள் கைக்கு வந்து சில மாதங்கள் ஆகிவிட்ட நிலையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இச்சேவையில் உடல்நலம் பற்றிய பக்கமும் உரோமத்தின் நிறம், வரி பற்றிய பக்கமும் உண்மையாகவே பயன் தருபவை, விளம்பரத்தில் முன்னிறுத்தப்படும் 'இனக் கலவை' என்ற பக்கம் பொழுதுபோக்குக்கு மேல் எதுவுமில்லை, 'மனிதனும் பூனையும்' என்ற வரலாற்றுப் பக்கமோ ஒருமுறை முழுமையாகத் திருத்தி எழுதப்பட வேண்டியது.

பெட்டி கச்சிதமாகத்தான் வந்தது. பூனை ஒன்றுக்கு இரண்டு பஞ்சுக்குச்சிகள், அவற்றைப் போட்டு மூடும் குழாய்கள், பட்டைக்குறி ஒட்டிய ஓர் உறை, மடித்து வைத்த ஒரு விளக்கத் தாள். சாப்பிட்டவுடன் மாதிரி எடுக்கக் கூடாது, மற்றொரு பூனையின் உமிழ்நீர் கலந்துவிடக் கூடாது, கன்னத்தின் உட்புறத்தில் குச்சியைச் சில வினாடிகள் உருட்டித் தேய்க்க வேண்டும் என்று படங்களோடு தெளிவாக விளக்கியிருந்தார்கள். அந்தப் படத்தில் இருந்த பூனை கண்களை மூடிக்கொண்டு, பல் மருத்துவரிடம் பழகிய மனிதரைப்போல் வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது. அப்படியொரு பூனையை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

பெண்பூனை அதிகம் முரண்டுபிடிக்கவில்லை. ஆண்பூனை வேறு வகை. துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டு குச்சியை உதட்டோரத்தில் நுழைத்த மறுகணம், அது குச்சியைக் கடைவாய்ப் பற்களுக்கிடையே இறுகக் கவ்விக்கொண்டது. நான் இழுக்க, அது கடிக்க, கடைசியில் என் கையில் நசுங்கிய காம்பும் அதன் மீசையில் பஞ்சு இழைகளும் மிஞ்சின. இரண்டாவது குச்சியை நான்கு வினாடிகள்கூட உள்ளே வைத்திருந்தேன் என்று சொல்ல முடியாது. அதன் விளைவு ஐந்து வாரங்கள் கழித்துத் தெரிந்தது: போதிய மரபணுப் பொருள் கிடைக்கவில்லை, புதிய பெட்டி அனுப்புகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. புதிய பெட்டி இலவசந்தான். ஆனால் அதைத் திருப்பியனுப்பும் அஞ்சல் செலவு நம்முடையது என்பது சிறிய எழுத்தில் இருந்தது. மாதிரி ஆய்வகத்துக்குச் சென்று சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்தச் செய்தியைச் சொல்லியிருக்க முடியாதா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு, வருந்துகிறோம் என்ற ஒற்றை வரிக்கு மேல் பதில் வரவில்லை. பூனை நன்றாக உறங்கி எழுந்து சோம்பல் முறிக்கும் நேரத்தில் மாதிரி எடுப்பது எளிது என்பதை இரண்டாம் முறை நானே கண்டுகொண்டேன். விளக்கத் தாளில் இது இல்லை, இருந்திருக்கலாம்.

இனி அறிக்கைக்கு வருகிறேன். செயலியைத் திறந்தவுடன் முதலில் தோன்றுவது, பல வண்ணங்களில் கூறுபோட்ட ஒரு வட்டம். ஆண்பூனையின் வட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பாரசீகப் பூனை, அதைவிடச் சற்றுக் குறைவாக ரஷ்ய நீலப் பூனை, எஞ்சியதெல்லாம் 'பல்லினக் கலப்பு'. இதைப் படித்ததும், கொள்ளுப்பாட்டியின் காலத்தில் ஒரு பாரசீகப் பூனை மாளிகைச் சுவரைத் தாண்டிக் குதித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வரும். நிறுவனமும் அந்த எண்ணம் வரட்டும் என்றே விரும்புகிறது.

நடந்தது அதுவல்ல. பூனைகளைத் தனித்தனி இனங்களாகப் பிரித்து, வம்சாவளிப் பதிவேடு வைத்து வளர்க்கும் பழக்கம் பெரும்பாலும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் உருவானது. ஹாரிசன் வியர் என்ற ஓவியர் 1871ஆம் ஆண்டு லண்டனின் கிரிஸ்டல் பேலஸில் ஏற்பாடு செய்த கண்காட்சியைத்தான் இதன் தொடக்கப்புள்ளியாகப் பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முன்பும் அழகிய பூனைகளை விரும்பி வளர்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நாய்களை வேட்டைக்கு, காவலுக்கு, மந்தை மேய்ப்பதற்கு என்று வெவ்வேறு உருவங்களாக வார்த்தெடுத்ததுபோல் பூனைகளை யாரும் வார்க்கவில்லை. எலி பிடிப்பதற்கு அது பிறந்த உருவமே போதுமானதாக இருந்தது. இன்று நாம் பெயர்சொல்லி அழைக்கும் இனங்களிற் பெரும்பாலானவை, அந்தந்த வட்டாரத்தின் தெருப்பூனைகளிலிருந்து ஒருசிலவற்றை எடுத்து, தமக்குள்ளேயே இணைசேர்த்து உருவாக்கப்பட்டவை. ஆகவே என் பூனை பாரசீகப் பூனையைப்போல் இருக்கிறது என்பது, பேரனின் சாடை தாத்தாவிடம் தெரிகிறது என்பதைப் போன்ற பேச்சு. ஒப்புமை உண்மைதான், திசைதான் தலைகீழ்.

பாரசீகம் என்ற பெயரே ஒரு வேடிக்கை. லெஸ்லி லயன்ஸ் என்ற மரபியலாளரின் ஆய்வுக்குழு 2008ஆம் ஆண்டு பூனை இனங்களையும் உலகின் பல பகுதிகளின் சாதாரணப் பூனைகளையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், இன்றைய பாரசீகப் பூனைகள் மேற்கு ஐரோப்பியப் பூனைகளின் கூட்டத்தோடுதான் சேர்ந்து நின்றன. பெயரில் இருக்கும் நாடு இரத்தத்தில் இல்லை. அறிக்கையின் ஏதேனும் ஒரு மூலையில் இதைச் சொல்லியிருந்தால் அந்த வட்டத்தை நான் மன்னித்திருப்பேன். மாறாக, பாரசீகப் பூனையின் படத்தைச் சொடுக்கினால் கம்பளங்களும் பண்டைய அரசவைகளும் பற்றி இரண்டு பத்திகள் வருகின்றன.

உரோமப் பக்கத்துக்கு வரும்போதுதான் இச்சேவை தன்னையறியாமலே ஒரு புதையலை எடுத்து வைக்கிறது. என் ஆண்பூனையின் உடலில் இருப்பவை மீன்முள்ளைப்போல் மெலிதாக, நெருக்கமாக ஓடும் வரிகள். ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் பழைய வடிவமும் ஏறத்தாழ இதுதான். ஆனால் வரியின் வடிவத்தைத் தீர்மானிக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டுமே அவ்வகையைச் சேர்ந்தது என்றும், மற்றது வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும் 'சுழல்வரி' வகை என்றும் அறிக்கை ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. விலாப்புறத்தில் பளிங்குக்கல்லின் ஓட்டம்போல் அகன்ற சுழிகள் கொண்ட பூனைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வடிவந்தான் சுழல்வரி.

இந்தச் சுழலின் கதை எனக்குப் பிடித்தமானது. கிளாடியோ ஒட்டோனியும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இருநூறுக்கும் மேற்பட்ட பண்டைய பூனைகளின் எச்சங்களிலிருந்து மரபணுத் தகவல் பெற்றனர். எகிப்தின் பதனிட்ட உடல்கள் (மம்மிகள்) முதல் கடல்வணிகத் துறைமுகங்களின் குப்பைக்குழிகள் வரை அந்த எச்சங்கள் பல இடங்களிலிருந்து வந்தவை. அவற்றில் சுழல்வரி முதன்முதலில் தலைகாட்டுவது 14ஆம் நூற்றாண்டில்தான், அதுவும் இன்றைய துருக்கியின் தென்மேற்கில். அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் எச்சங்களில் அது தென்படவில்லை. 18ஆம் நூற்றாண்டுக்குள் அது எவ்வளவு பரவிவிட்டது என்றால், சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வீட்டுப்பூனைக்கு அறிவியற்பெயர் சூட்டி வருணித்தபோது இந்தச் சுழலையே அதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார். அப்படியானால் என் மடியில் பஞ்சுக்குச்சியைக் கடித்துத் துப்பிய இந்த முரடனின் ஒவ்வோர் உயிரணுவிலும், அறுநூறு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பூனைகளிடையே உலவத் தொடங்கிய ஒரு மாற்றம், எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல், தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வழிவழியாக வந்து அமர்ந்திருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன 'பூர்வீகம்' இதுதான். அதை ஓர் ஆங்கில எழுத்துச் சுருக்கமாக அட்டவணையின் ஒன்பதாவது வரியில் போட்டுவிட்டு, இல்லாத பாரசீகப் பாட்டிக்கு முதற்பக்கத்தை ஒதுக்கியிருக்கிறார்கள்.

பெண்பூனையின் உரோமப் பக்கமோ வேறு வகையில் வேடிக்கை. எங்கள் மூவண்ணப் பூனை 'கருப்பும் வெள்ளையும்' என்று அறிக்கை உறுதியாகச் சொன்னது. அதை வாசித்தபோது செம்மஞ்சள் திட்டுகள் நிறைந்த அதன் முதுகு என் கைக்குக் கீழேதான் இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. செம்மஞ்சள் நிறத்துக்குக் காரணமான மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஆனால் அது இன்ன இடத்தில், ஏறத்தாழ 5,100 மரபணு எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு விடுபட்டதால் நேர்ந்தது என்பதை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இயங்கிய இரண்டு குழுக்கள் 2025ஆம் ஆண்டில்தான் ஆய்விதழில் வெளியிட்டன. இந்தச் சேவையின் பரிசோதனைப் பட்டியல் அதற்கு முந்தையது. பெண்பூனைக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வோர் உயிரணுவும் அவற்றில் ஒன்றை அணைத்துவிடுவதால், செம்மை பேசும் திட்டும் கருமை பேசும் திட்டும் அருகருகே அமைகின்றன. பட்டியலில் இல்லாததை 'பரிசோதிக்கப்படவில்லை' என்று குறிப்பிடுவதுதான் முறை. இல்லவே இல்லை என்பதுபோல் எழுதுவது பிழை.

வரலாற்றுப் பக்கத்தில் எனக்கு அதிக மனக்குறை. படங்கள் அழகானவை. ஆனால் உழவு தொடங்கிய இடங்களில் ஒன்றான மேற்கு ஆசியாவின் 'வளமான பிறை' நிலப்பகுதியில் ஒரு புள்ளியை வைத்து, அங்கிருந்து உழவர்களோடு பூனைகளும் அணிவகுத்து ஐரோப்பாவுக்குள் நடந்ததாக ஓர் அம்புக்குறியைப் போட்டிருக்கிறார்கள். புள்ளிக்கு ஆதாரம் உண்டு. கார்லஸ் டிரிஸ்கால் முதலானோர் 979 பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, வீட்டுப்பூனையின் மூலத்தை அண்மைக் கிழக்கின் காட்டுப்பூனைகளோடு இணைத்தது. தானியத்தைச் சேமித்தபோது எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது, விரட்டாமல் விட்டபோது தங்கியது என்ற எளிய விளக்கத்தை இன்றும் பலர் ஏற்கிறார்கள். சைப்ரஸ் தீவின் ஷில்லூரோகம்போஸ் என்ற இடத்தில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழியிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தொலைவில், எட்டு மாத வயதுடைய ஒரு பூனையும் முழு உடலாகப் புதைக்கப்பட்டிருந்ததை ஜான்-டெனி வின்யும் அவருடைய குழுவினரும் 2004ஆம் ஆண்டு அறிவித்தனர். அத்தீவில் இயற்கையாகப் பூனைகள் கிடையாது. யாரோ படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். நீரை வெறுக்கும் ஒரு குட்டியை மரப்படகில் வைத்துக்கொண்டு கடல் கடந்த அந்த முகமறியாத மனிதரைப் பற்றி நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். துண்டு இருந்திருக்குமா அவரிடம்?

ஆனால் அம்புக்குறிதான் சிக்கல். தாய்வழி மரபணுவை மட்டும் பார்க்காமல் முழு மரபணுத் தொகுப்பையும் ஆராய்ந்து 2025ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, ஐரோப்பாவின் தொல்லுழவர் காலத்துப் பூனைகள் உண்மையில் காட்டுப்பூனைகளே என்றும், வீட்டுப்பூனை அங்கே வந்து பரவியது ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்புதான் என்றும், அதுவும் வட ஆப்பிரிக்காவிலிருந்து என்றும் காட்டுகிறது. உழவரின் தோளுக்குப் பதிலாகக் கப்பலின் தானியக் கிடங்கை நாம் நினைக்க வேண்டியிருக்கிறது. சீனத்திலும் கதை நேர்க்கோடு அல்ல. அங்கே பண்டைய ஊர்களின் அருகே எலிபிடித்து வாழ்ந்தவை முற்றிலும் வேறான சிறுத்தைப்பூனை இனத்தைச் சேர்ந்தவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதரை ஒட்டி வாழ்ந்தும் அவை வீட்டுக்குள் வரவில்லை. இன்றைய வீட்டுப்பூனை பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரபணுச் சேவை நடத்தும் ஒரு நிறுவனம் தன் துறையின் செய்தியில் இவ்வளவு பின்தங்கியிருப்பதைப் பொறுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

எகிப்து பற்றிய பகுதியில் பூனைத்தலை கொண்ட பாஸ்டெட் தெய்வம், அத்தெய்வத்தின் நகரமான பூபாஸ்டிஸின் திருவிழா, பூனை இறந்தால் வீட்டார் புருவத்தை மழித்துக்கொள்வதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது எல்லாம் முறையாக இடம்பெற்றிருக்கின்றன. விடுபட்டது மறுபாதி. காணிக்கையாகப் பதனிடப்பட்ட பூனைகளை ஊடுகதிரில் பார்த்தபோது, அவற்றில் பல குட்டிப் பருவத்திலேயே கழுத்து முறிக்கப்பட்டவை என்று தெரியவந்தது. வழிபடப்பட்ட அதே உயிர், காணிக்கைக்காகவே வளர்த்துக் கொல்லவும்பட்டது. 1890ஆம் ஆண்டு அப்படிப்பட்ட உடல்கள் ஏறத்தாழ பத்தொன்பது டன் கப்பலேற்றப்பட்டு லிவர்பூலில் வயலுக்கு உரமாக விற்கப்பட்டதையும் சேர்த்தால்தான் இந்த உறவின் முகம் முழுமையாகத் தெரியும்.

அடுத்த பிழை மிகப் பிரபலமானது: 1233ஆம் ஆண்டு போப்பாண்டவர் ஒன்பதாம் கிரிகோரி பூனைகளைக் கொல்ல ஆணையிட்டார், அதனால் எலி பெருகிக் கொள்ளைநோய் பரவியது என்பது. அந்தத் திருமுகத்தில், சமயப் பகைவர்கள் நடத்துவதாகச் சொல்லப்பட்ட ஒரு சடங்கின் வருணனையில் கரும்பூனை ஒன்று வருகிறது. பூனைகளைக் கொல்லுங்கள் என்ற ஆணை எதுவும் இல்லை. கொள்ளைநோய் வந்ததோ நூறாண்டுக்கும் மேல் கழித்து. இதற்குப் பதிலாக, 10ஆம் நூற்றாண்டின் வேல்சு அரசர் ஹைவெல் ததாவின் பெயரால் வழங்கும் சட்டம் பூனைக்குக் குறித்த விலையைச் சொல்லியிருக்கலாம்: கண் திறக்காத குட்டிக்கு ஒரு பென்னி, எலி பிடிக்கும்வரை இரண்டு, பிடித்தபின் நான்கு. பூனையை மனிதர்கள் எதற்காக வைத்துக்கொண்டார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

இன்னொரு விடுபடல் எனக்கு வியப்பளித்தது. காலக்கோட்டில் 1947 இல்லை. அமெரிக்காவில் எட் லோ என்பவர், பூனையின் கழிவுத்தட்டில் போடும் சாம்பலுக்கு மாற்றுக் கேட்ட ஒருவருக்கு உறிஞ்சும் களிமண் துகள்களைக் கொடுத்துப் பார்த்த ஆண்டு அது. அதிலிருந்துதான் இன்றைய பூனைமணல் தொழில் வளர்ந்தது. இரவில் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தவேண்டிய விலங்கு, ஆண்டு முழுவதும் வீட்டுக்குள்ளேயே வாழக்கூடியதாக மாறியதில் பாஸ்டெட்டைவிட அந்தக் களிமண்ணுக்குப் பங்கு அதிகம் என்பது என் கருத்து. மாடி வீட்டில் பூனை வளர்க்கும் எவரும் இதை மறுக்கமாட்டார்கள்.

உடல்நலப் பக்கம் பற்றிக் குறைசொல்ல அதிகமில்லை. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் பரம்பரை நோய், சில இனங்களில் இதயத் தசை தடிப்பதோடு தொடர்புடைய மாற்றங்கள் எனப் பலவற்றைப் பார்த்து, இருக்கிறது, இல்லை, ஒரு பிரதி மட்டும் என்று தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார்கள். ஒரு மாற்றம் இல்லை என்பதால் அந்த நோயே வராது என்று பொருளல்ல என்ற எச்சரிக்கையும் தடித்த எழுத்தில் இருக்கிறது. இரண்டு பூனைகளிடமும் கவலைப்படும்படி எதுவும் இல்லை.

பெண்பூனையின் இரத்த வகை மட்டும் 'பி' என்று வந்தது. பூனைகளில் 'ஏ' வகையே மிகப் பொது. 'பி' வகைப் பூனையின் இரத்தத்தில் 'ஏ' வகைக்கு எதிரான வலுவான எதிர்ப்பொருள்கள் இயல்பாகவே இருப்பதால், ஒரு விபத்தில் அவசரமாகத் தவறான இரத்தம் ஏற்றப்பட்டால் முதல் தடவையே உயிர் போகக்கூடும். மரபணு முடிவை மட்டும் நம்பவேண்டாம், நேரடிப் பரிசோதனையில் உறுதிசெய்யுங்கள் என்று அறிக்கையே சொன்னது. கால்நடை மருத்துவர் ஒரு துளி இரத்தத்தை அட்டையில் இட்டுப் பார்த்தார், 'பி'தான். தடுப்பூசி அட்டையின் மேல்மூலையில் அந்த எழுத்தைச் சிவப்பு மையில் எழுதி வட்டமிட்டுக் கொடுத்தார்.

வரலாற்றுப் பக்கத்தின் பிழைகளைப் பட்டியலிட்டு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். உரிய குழுவுக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. அம்புக்குறி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் மூவண்ணப் பூனையும் இன்னும் 'கருப்பும் வெள்ளையும்'தான்.